பீநட் பட்டருக்கு ஏற்ற ஜோடி எது?

பீநட் பட்டர் சாண்ட்விச்சில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் கூடாது என்பது என் கட்சி. திராட்சை ஜெல்லியும் கூடாது. இந்தக் கட்சிக்கு எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் உறுப்பினர். தங்கமணி வெளியிலிருந்து ஆதரவு. பிள்ளைகள் இரண்டும் பலமான எதிர்க்கட்சி. தேர்தல் வைத்தால் டெபாசிட் போய்விடும் என்று தெரிந்தும் என் கொள்கையை இங்கே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இது வெறும் நாக்கு விஷயம் இல்லை, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது, கொஞ்சம் ஊரும் இருக்கிறது.

ஊர் என்றால் பிச்சாட்டூர். "அது எங்கே?" என்று கேட்பவர்களுக்கு: சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி பஸ் ஏறினால் புத்தூருக்கு முன்னால் வரும். முன்பு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் இருந்து திருப்பதி மாவட்டம். எங்கள் ஊர்ப் பெயர் தமிழ்ச் செய்திகளில் வருவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். மழைக்காலத்தில் ஆரணியாறு அணை நிரம்பி மதகைத் திறந்தால் "பிச்சாட்டூர் ஏரியில் தண்ணீர் திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை" என்று வாசிப்பார்கள். மற்ற பதினோரு மாதமும் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது :-)

1960-ல் எல்லையை மாற்றி எழுதியபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். ஆகவே எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது பழக்கம். வகுப்பில் அது செனக்காயலு, வீட்டுக்கு வந்தால் வேர்க்கடலை. கல்யாணம் ஆன பிறகு மூன்றாவது பெயர் வந்தது. தங்கமணி விழுப்புரம் பக்கம், அவருக்கு அது மல்லாட்டை. மணிலாக்கொட்டைதான் வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. இங்கே ஸ்கார்பரோவுக்கு வந்து யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பக்கத்து வீட்டில் அமைந்தபோது நாலாவது பெயரும் கிடைத்தது: கச்சான். கோயம்புத்தூர் நண்பர் கடலைக்காய் என்கிறார். எல்லாம் ஒரே செடி, தென் அமெரிக்காவில் பிறந்து கப்பலேறி நம்மிடம் வந்த செடி. நாமும் விமானம் ஏறி அந்தக் கண்டத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறோம். வட்டம் கிட்டத்தட்ட பூர்த்தி.

சரி, ஜோடி விஷயத்துக்கு வருவோம்.

என்னைக் கேட்டால் பீநட் பட்டர் என்பது பாதியில் நிறுத்திய சட்னி. எங்கள் ஆயா வேர்க்கடலைச் சட்னி அரைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கடலையை வறுத்து, தோலை முறத்தில் புடைத்து, அம்மியில் வைத்து முதலில் வெறும் கடலையை மட்டும் ஒரு ஓட்டு ஓட்டுவார். எண்ணெய் கசிந்து பளபளவென்று ஒரு விழுது வரும். அந்த நிமிஷத்தில் அள்ளி டப்பாவில் அடைத்தால் அதுதான் பீநட் பட்டர். ஆயா அங்கே நிறுத்த மாட்டார். புளி, காய்ந்த மிளகாய், உப்பு, பூண்டு, கொஞ்சம் தண்ணீர், அப்புறம் தாளிப்பு. ஏன்? வெறும் கடலை விழுதுக்கு மூன்று குறை. தண்ணீர்ப் பசை கிடையாது, அதனால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். புளிப்பு கிடையாது, அதனால் இரண்டாம் வாயிலேயே திகட்டும். உறைப்போ இனிப்போ ஏதாவது ஒன்று தூக்கிக் கொடுக்காவிட்டால் மந்தமாக இருக்கும். புளிப்புப் பட்டால் எச்சில் ஊறும், எச்சில் ஊறினால் ஒட்டியது இறங்கும். இவ்வளவுதான் சூத்திரம். ஜோடி என்பது இந்த மூன்று குறையையும் தீர்க்க வேண்டும்.

ஸ்ட்ராபெர்ரி ஜாம் தண்ணீர்ப் பசையைத் தரும், இனிப்பையும் தரும். புளிப்பு? பெயருக்கு. கடையில் விற்கும் ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை இருக்கும்போது புளிப்பு எங்கே தலைதூக்கும்?

வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கர்கள் ஆரம்பத்தில் இதைச் சரியாகத்தான் செய்தார்கள். ஜூலியா டேவிஸ் சாண்ட்லர் என்ற அம்மையார் 1901-ல் பாஸ்டன் சமையல் பள்ளிப் பத்திரிகையில் எழுதியதுதான் கடலை விழுதும் ஜெல்லியும் சேர்ந்த சாண்ட்விச்சுக்கு அச்சில் கிடைக்கும் முதல் குறிப்பு என்கிறார்கள். அவர் சொன்ன ஜெல்லி எது தெரியுமா? கரன்ட் பழம் அல்லது காட்டு ஆப்பிள். இரண்டுமே நாக்கைச் சுண்டும் புளிப்பு ஜாதி. நம் ஊர் நெல்லிக்காய், களாக்காய் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மூல விதியிலேயே புளிப்பு இருந்தது! அப்போது அது பணக்கார வீட்டுத் தேநீர் விருந்துப் பண்டம். அப்புறம் கடலை விழுது மலிவானது. 1928-ல் மிசௌரியில் மிஷினில் வெட்டிய ரொட்டி விற்பனைக்கு வந்தது, பிள்ளைகளே கத்தியில்லாமல் சாண்ட்விச் செய்யலாம் என்று ஆயிற்று. பின்னாலேயே பொருளாதாரப் பெருமந்தம். மலிவான ரொட்டி, மலிவான கடலை, மலிவான திராட்சை ஜெல்லி. கையில் காசில்லாத வீட்டில் வயிற்றை நிரப்பிய சேர்க்கை அது. அதற்காக அவர்களைக் கும்பிடலாம். ஆனால் அது அவர்கள் ஊர் மளிகைக் கணக்கில் பிறந்த ஜோடி. நாம் ஏன் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்?

இன்னொரு சுவையான தகவல், எங்கள் மாதிரி விதிமுறை படித்தே பிழைப்பு நடத்தும் ஆட்களுக்குப் பிடிக்கும். "பீநட் பட்டர்" என்று லேபிள் ஒட்ட டப்பாவில் எத்தனை சதவீதம் கடலை இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 1959-ல் விதி போட ஆரம்பித்தது. அரசு 95 என்றது, கம்பெனிகள் 87 போதும் என்றன. இந்த எட்டு சதவீதத்துக்காக பன்னிரண்டு வருஷம் இழுத்து, 1971-ல் 90 என்று முடிந்தது. மிச்சப் பத்து சதவீதத்தில் சர்க்கரை, உப்பு, எண்ணெய் மிதக்காமல் கட்டிப்போடும் கெட்டிக்கொழுப்பு. ஆகவே டப்பா வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொருட்பட்டியலில் "கடலை" என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால் அதை எடுங்கள். மேலே எண்ணெய் மிதக்கும், கலக்குவது கொஞ்சம் வேலைதான். கலக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மறுபடி பிரியாது.

வீட்டிலேயே அரைப்பதென்றால் அதைவிடச் சுலபம் இல்லை. மிதமான சூட்டில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, தோல் நீக்கி, மிக்சியில் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். முதலில் பொடி, அப்புறம் உருண்டை, அப்புறம்தான் விழுது. பொடி நிலையில் பொறுமை இழந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், சட்னியாகிவிடும் (அதுவும் நல்லதுதான்). ஒரே ஒரு கண்டிப்பு: சுருங்கியது, கறுத்தது, பூசணம் பட்டது, கசப்பது ஒன்றைக்கூட உள்ளே விடாதீர்கள். கடலையில் பிடிக்கும் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தால் முழுதாகப் போகாது. ஆயா பொறுக்கும்போது கெட்ட கடலையைத் தனியாகத் தூக்கி எறிவதைக் கஞ்சத்தனமில்லாமல் செய்வார், விதைக் கடலைக்குக்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்.

இப்போது என் வரிசை. தரவரிசை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் வீட்டில் எது எப்போது வேலைக்கு ஆகிறது என்பதுதான்.

வெல்லப்பாகு. சும்மா கரைத்து வடிகட்டி, கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் போட்டு, தேன் பதத்துக்கு வந்ததும் இறக்கியது. பீநட் பட்டர் மேல் தடவினால் கடலை உருண்டை, அவ்வளவுதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கடலையும் வெல்லமும் ஒன்றுக்கொன்று எழுதி வைத்தவை என்பதற்கு அதைவிட என்ன அரசாங்க முத்திரை வேண்டும்? ஆனால் இதில் புளிப்பு கிடையாது என்பதால் என் சூத்திரப்படி இரண்டாம் வகுப்புத் தேர்ச்சிதான். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் முதல் வகுப்பு. வெல்லமும் சர்க்கரைதான், "இது நாட்டு வெல்லம், ஒன்றும் செய்யாது" என்று சர்க்கரை நோய் இருக்கும் மாமாக்கள் ஆளுக்கு இரண்டு கரண்டி விட்டுக்கொள்ள வேண்டாம்.

புளிச்சக்கீரைத் தொக்கு. எங்கள் பக்கம் கோங்குரா என்றுதான் சொல்வோம். பிள்ளைகள் முகம் சுளிக்கும், நீங்கள் சுளிக்காதீர்கள். மெல்லியதாகப் பீநட் பட்டர், அதன் மேல் அதைவிட மெல்லியதாகத் தொக்கு, இடையில் பச்சை வெங்காயம் வளையமாக நாலு. ரொட்டியைத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்ட வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து மைனஸ் பதினைந்தில் ரயிலிலிருந்து இறங்கி வரும் மனிதனுக்கு இதைவிட வேறு மரியாதை வேண்டாம். தெலுங்கு வீடுகளில் சோற்றுக்குக் கோங்குராவும் கடலையும் சேர்ந்து வருவது புதிதே இல்லை, நான் சோற்றை எடுத்துவிட்டு ரொட்டியை வைத்தேன்.

சீனிச்சம்பல். இது பக்கத்து வீட்டு அக்காவின் உபயம். வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கி, புளி, மிளகாய்த்தூள், கடைசியில் சீனி. புளிப்பு, உறைப்பு, இனிப்பு மூன்றும் ஒரே கரண்டியில். மாசி போடாமலும் செய்து தருவார். இதை முதலில் பீநட் பட்டரோடு வைத்துத் தின்றபோது, "தம்பி, கச்சானுக்கும் சம்பலுக்கும் இவ்வளவு நாள் ஆர் கலியாணம் பேசாம விட்டது?" என்றார். என் கட்சிக்கு வீட்டுக்கு வெளியே கிடைத்த முதல் வாக்கு.

வாழைப்பழம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி, புளிப்பில்லை. தேன் வழிகிறது. சாக்லேட் ஹேசல்நட் விழுது கொழுப்பின் மேல் கொழுப்பு, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தேங்காய்ச் சட்னியை ஒரு நண்பர் வைத்துப் பார்த்தாராம், மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் அலுவலகமே திரும்பிப் பார்த்ததாம். இட்லிப் பொடி தூவுவது நல்ல யோசனை, ஆனால் ஈரம் இல்லாததால் துணைக்கு வெள்ளரித் துண்டு தேவை.

தொழில்நுட்பம் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த ஜோடியானாலும் பீநட் பட்டரை இரண்டு ரொட்டியிலும் தடவுங்கள், ஈரமான சங்கதியை நடுவில் வையுங்கள். கொழுப்பு ஈரத்தை உள்ளே விடாது, நாலு மணி நேரம் ஆனாலும் ரொட்டி ஊறிப்போகாது. ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்று தடவி மூடினால் மத்தியானத்துக்குள் களிதான்.

கடைசியாக என் உண்மையான வேட்பாளர்: மாம்பழம்.

இங்குதான் ஊர் வருகிறது. எங்கள் பக்கம் நான் சிறுவனாக இருந்தபோது மானாவாரி நிலம் என்றால் வேர்க்கடலை. ஆடியில் மழை பார்த்து விதைத்தால் நூற்றுப் பத்து நாள் போலப் பிடுங்கலாம். கடலை ஆயும் நாளில் தெருவே களத்தில் இருக்கும். ஆய்ந்த கூலி காசாகவும் கொடுப்பார்கள், கடலையாகவும் கொடுப்பார்கள். பச்சைக் கடலையை உப்புப் போட்டு அவித்த வாசனை ஊர் முழுக்க. கொடி மாட்டுக்கு, பருப்பு செக்குக்கு, பிண்ணாக்கு திரும்பவும் மாட்டுக்கு. ஒரு துளி வீணாகாத பயிர். ஆனால் அதில் ஒரு சூது இருந்தது. ஏக்கருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் விதைப்பருப்பே வேண்டும். அதை உள்ளே போட்ட பிறகு பூ விடும் நேரத்தில் மழை ஏமாற்றினால் போட்டதும் போச்சு, உழுததும் போச்சு. மழை வந்தால் காட்டுப்பன்றி வரும். இரண்டும் தப்பினால் ஆள் கிடைக்காது. ஊரில் நான் வங்கியில் வேலை பார்த்த வருஷங்களில் பயிர்க்கடனுக்கு வருகிறவர்கள் கையில் பாஸ்புக்கோடு நகைப் பொட்டலமும் இருக்கும். ஒழுங்காகக் கட்டினால் மூன்று லட்சம் வரை வட்டி நாலு சதவீதம்தான், வட்டி யாரையும் கொல்லவில்லை. ஒழுங்காகக் கட்ட விளைச்சல் வேண்டுமே.

அதனால் ஒவ்வொருவராகக் கடலையை விட்டுவிட்டு மாவுக்குப் போனார்கள். எங்கப்பாவும் போனார். மூன்று ஏக்கரில் பெங்களூரா ஒட்டுக்கன்று வைத்தார். நீங்கள் கிளிமூக்கு என்பீர்கள், வியாபாரிகள் தோத்தாபுரி என்பார்கள். கன்று வைத்தால் விதைச் செலவு இல்லை, பன்றி பயமில்லை, நாலைந்து வருஷம் பொறுத்தால் வருஷா வருஷம் காய். பழக்கூழ் ஆலைகள் சித்தூரைச் சுற்றி நிறைய இருக்கின்றன. உலகத்தில் நாலு மூலையில் யாராவது மாம்பழ ஜூஸ் குடித்தால் அதில் எங்கள் மாவட்டத்துப் பெங்களூரா இருக்க நல்ல வாய்ப்புண்டு. காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம். கடன் மனுவாக என் மேஜைக்கு வந்திருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

2025 கோடையில் என்ன நடந்தது என்று ஊரோடு தொடர்பு இருப்பவர்களுக்குத் தெரியும். விளைச்சல் ஏகம். ஆலைகளில் முந்தின வருஷத்துக் கூழே விற்காமல் கிடந்தது. விலை விழுந்தது. ஆலை எட்டு ரூபாய், அரசு நாலு ரூபாய், ஆக கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அறிவித்த எட்டை ஆலைகள் தரவில்லை என்று விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். வெளி மாநிலப் பெங்களூரா மாவட்டத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை போட, கர்நாடக முதல்வர் கடிதம் எழுத, ஒரு மாம்பழத்துக்காக இரண்டு மாநிலம் மோதிக்கொண்டது. ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள் கணக்கில் நிற்க, பழம் தொட்டியிலேயே அழுகியது. அப்பா போனில் ஒன்றும் புலம்பவில்லை. "பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் கூடி வரலடா, அரைத் தோப்ப அப்படியே விட்டுட்டேன், மாடு தின்னுது" என்றார். அவ்வளவுதான். பிறகு இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார். ஜூலை மாதத்தில்!

அதே வாரம் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் நல்ல ஸ்ட்ராபெர்ரி ஜாம் ஒரு பாட்டில் ஆறு டாலருக்குப் பக்கம். மாற்றிப் பாருங்கள், முப்பது கிலோவுக்கு மேல் மாங்காய்.

நான் ஒரு பாட்டில் ஜாமை மாற்றினால் பங்காருபாளையம் மண்டியில் விலை ஏறிவிடும் என்று சொல்லும் அளவுக்குப் பைத்தியம் இல்லை. பி.காம். படித்திருக்கிறேன், தேவையும் அளிப்பும் தெரியும். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம் வீடுகளை எல்லாம் கூட்டிப் பாருங்கள். டொராண்டோ, லண்டன், நியூ ஜெர்சி, சிங்கப்பூர், சிட்னி. ஒவ்வொரு வீட்டிலும் காலையில் பீநட் பட்டர் ரொட்டி இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்குப் பக்கத்திலும் மாம்பழக் கூழ் டின் விற்கும் கடை இருக்கிறது. நாம் அந்த டின்னை லஸ்ஸிக்கும் தீபாவளிக்கும்தான் வாங்குகிறோம். ஜாம் என்றால் மட்டும் நம் மூளை உடனே சிவப்பு நிறத்துக்குப் போய்விடுகிறது. தாய்நாட்டுக்கு என்ன செய்தாய் என்று ஆண்டு விழா மேடையில் பேசும் சங்கங்கள் விருந்தில் மாம்பழ ஜாம் வைத்து நான் பார்த்ததில்லை.

சரி, செய்முறை. 850 கிராம் டின் ஒன்று. அல்போன்சோ, கேசர் எது கிடைத்தாலும் சரி, சில கடைகளில் தோத்தாபுரி என்றே எழுதியிருக்கும், சர்க்கரை சேர்க்காதது கிடைத்தால் இன்னும் நல்லது. அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, சின்னத் தீயில், பாதியாகும் வரை கிளற வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். எரிமலை மாதிரித் தெறிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இறக்கும்போது இரண்டு எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு, விருப்பமிருந்தால் கால் ஸ்பூன் மிளகாய்த்தூள். ஆறியதும் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், இதில் சர்க்கரை குறைவு என்பதால் கடை ஜாம் மாதிரி மாதக் கணக்கில் நிற்காது. இன்னும் வற்றவிட்டுத் தட்டில் பரப்பிக் காயவைத்தால் நம் மாம்பழத் தாண்ட்ரா. அதைத் துண்டாக வெட்டிப் பீநட் பட்டர் ரொட்டிக்குள் வைப்பது இன்னொரு சுகம்.

இப்போது அந்தச் சர்க்கரைக் கணக்கு. சாதாரண ஜாம் ஒரு மேஜைக்கரண்டி 20 கிராம் வரும், அதில் 10 கிராம் போலச் சர்க்கரை. ஒரு பிள்ளை தினம் ஒரு கரண்டி என்றால் வருஷத்துக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல். இது ஜாம் கணக்கில் மட்டும். ஜூஸ், பிஸ்கட், பிறந்தநாள் கேக் எல்லாம் வேறு கணக்கு. ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராம் போலக் கட்டுப்பட்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது பெரியவர்களுக்கான அளவு. அதில் நாற்பது சதவீதத்தைக் காலையில் ஒரு ரொட்டியிலேயே செலவழித்துவிடுகிறோம். நம் ஜாதகத்தில் வேறு சர்க்கரை எல்லா வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. பீநட் பட்டர் தன்னளவில் குற்றமற்றது. இரண்டு கரண்டியில் ஏழு கிராம் போலப் புரதம், சைவப் பிள்ளைகளுக்குப் பெரிய வரவு. 190 கலோரி என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். வரவைப் போட்டுவிட்டு அதன் மேலேயே செலவையும் தடவுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். பெரியவள் சொல்வது: "அப்பா, ஸ்கூல்ல எல்லாரும் ஜாம்தான், நான் ஏன் விளக்கம் சொல்லிட்டே இருக்கணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பீநட் பட்டரே போக முடியாதே! இங்கே பெரும்பாலான பள்ளிகளில் கடலை கொண்டுவராதீர்கள் என்று கடிதம் வரும். நம்மவர்கள் சிலர் இதைக் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். "நாங்க எல்லாம் செடியோட தின்னு வளந்தோம், இவங்களுக்கு மட்டும் என்ன அலர்ஜி" என்று. தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். சப்ரினா ஷானன் என்ற ஒன்டாரியோ மாணவி 2003-ல் பள்ளியில் சாப்பிட்டதில் உண்டான ஒவ்வாமையால் இறந்தாள், வயது 13. அவளுக்குக் கடலை மட்டுமில்லை, பால் உட்படப் பல ஒவ்வாமைகள். அவள் பெயரில்தான் 2006 ஜனவரி முதல் இங்கே சட்டமே நடைமுறையில் இருக்கிறது. ஒரு சாண்ட்விச் வீட்டில் தின்றால் நமக்கு ஒன்றும் குறையாது. கடலைக்குப் பதில் எள்ளுருண்டை கொடுத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள், கனடாவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் எள்ளும் இருக்கிறது, கடுகும் இருக்கிறது. கடுகு தாளிக்காத தமிழ் வீட்டுச் சமையல் எதைக் கொடுத்தனுப்புவது என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கடலையைக் குழந்தைக்குத் தள்ளிப் போட்டால் ஒவ்வாமை வராது என்று முன்பு மருத்துவர்களே சொன்னார்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான லீப் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. ஒவ்வாமை வரும் அபாயம் கூடிய குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே ஆரம்பித்துக் கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தபோது, கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. தோல் கரப்பான், முட்டை ஒவ்வாமை இருக்கும் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். முழுக் கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும். பட்டரையும் கட்டியாக ஊட்டாமல் நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் சாண்ட்விச் நேரம் சனி ஞாயிறு காலையும் பள்ளி விட்டு வந்த சாயங்காலமும்தான். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் சின்னவன் மட்டும் மாம்பழ ஜாமில் மிளகாய்த்தூள் போடாமல் செய்தால் பரிசீலிக்கலாம் என்று தூது அனுப்பியிருக்கிறான். கூட்டணிப் பேச்சு நடக்கிறது. கோங்குரா பற்றி அவன் இன்னும் வாய் திறக்கவில்லை.

அடுத்த கோடையில் அப்பா இங்கே வருவதாக இருக்கிறார், விசா கிடைத்தால். மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் மரத்தை எடுத்துவிட்டு மறுபடி கடலை போடலாமா என்று யோசிக்கிறார். "பன்றிக்கு வேலி போட என்னடா செலவாகும்?" என்று கேட்கிறார். சூரிய மின்வேலி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் யாராவது போட்டிருந்தால் எழுதுங்கள். உங்கள் வீட்டில் பீநட் பட்டருக்கு எது ஜோடி என்பதையும். ஸ்ட்ராபெர்ரி என்று சொல்பவர்களுக்கும் அனுமதி உண்டு, வாக்கு மட்டும் எண்ணப்படாது :-)